இரண்டு கோடுகளுக்கு நடுவில்

ஒடெஸ்ஸா, டெக்சாஸ்
அக்டோபர் 9, 1983

நெட்ரா,

இது சண்டைக்கான கடிதம் இல்லை. படித்துவிட்டுக் கிழி. படிக்காமல் கிழிக்காதே.

சமையலறை வாசலுக்கு மேலே இருக்கும் துப்பாக்கி மருந்தும் குண்டும் கெட்டித்தபடியே தொங்குகிறது என்று நினைக்கிறேன்.

நேற்று எண்ணெய்க் கிணற்றில் குழாய்க்குள் குழாய் இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. ஜனவரியில், மான் வேட்டை சீசனின் கடைசி நாள், மலையிலிருந்து இறங்கினேன். துப்பாக்கியின் பக்கத்துத் தட்டிலிருந்த மருந்துப் பொடியை ஊதிவிட்டு ஆணியில் மாட்டினேன். உள்ளே கெட்டித்ததைச் சுட்டுத் தீர்க்கவில்லை. குழலைக் கழுவவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டேன். எப்படிக் கிளம்பினேன் என்பது உனக்குத் தெரியும்.

தட்டில் பொடி இல்லாதவரை அது வெடிக்காது. ஆனாலும் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கிற இரும்பு. அதற்குக் கீழேதான் நீ நடக்கிறாய்.

கெட்டிக்கும் கோலில் நான் கத்தியால் கீறிய இரண்டு கோடுகள் இருக்கும். கோலைக் குழல் வாய்வழியே அடிவரை விடு. மேல் கோடு வரை உள்ளே போனால் காலி. கீழ்க் கோட்டோடு நின்றுவிட்டால் கெட்டித்திருக்கிறது. குழல் வாய்க்கு நேரே முகத்தை வைக்காதே.

போனில் சொல்லிவிடலாம் என்று நேற்று மாலையே கூண்டுக்குப் போனேன். நீ எடுத்தாய். வைத்துவிட்டேன்.

அங்கே மேப்பிள் இலை கொட்டியிருக்கும். இங்கே கொட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

வெண்டல்


ஹாவ்க் பள்ளம், பென்சில்வேனியா
அக்டோபர் 17, 1983

வெண்டல்,

கிழிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை போனில் கேட்டது உன் மூச்சு என்று எனக்குத் தெரியும். மூக்கால் பாதி, வாயால் பாதி. வேறு யாரும் அப்படி விடுவதில்லை. நானும்தான் ஒன்றும் பேசவில்லை. அதை நீ எழுதவில்லை.

ஜனவரியிலிருந்து அந்த வாசல் வழியாகத்தான் விறகு தூக்கி வருகிறேன். அதன் அடியில் நின்றபடிதான் உன் அக்கா பெர்னிஸ் வந்து என் பியரைக் குடிக்கிறாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அண்ணாந்து ஒரு முறை பார்த்தாள். நகர்ந்து அடுப்பருகே போய் உட்கார்ந்தாள்.

"என் தம்பி போகும்போதுகூட குறி வெச்சுட்டுத்தான் போயிருக்கான் பாரு."

கோலை விட்டுப் பார்த்தோம். கீழ்க் கோட்டில் நிற்கவில்லை. அதைத் தாண்டி இறங்கியது. மேல் கோடு வரையும் போகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றது. திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன். அதே இடம்.

"என்னடி இது, உங்க கல்யாணம் மாதிரி இருக்கு," என்றாள் பெர்னிஸ். "இருக்கான்னா இல்ல. இல்லையான்னா இருக்கு."

நடுவில் நின்றால் என்ன அர்த்தம்? எழுது.

அந்தக் காலையில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? தோல் பதனிடும் ஆலை இனித் திறக்காது, நீயும் டெக்சாஸ் வா என்று மறுபடியும் சொன்னாய். நான் இங்கிருந்து வரமாட்டேன் என்றேன். "அப்ப இந்தப் பள்ளத்துலயே கெடந்து மக்கிப் போ." அது நீ. "போ. வாசல்ல நின்னு கையாட்ட மாட்டேன்." அது நான். சொன்னபடி நிற்கவில்லை. சமையலறைச் சன்னலில் நின்றேன். அது வாசல் இல்லை.

இன்னொரு விஷயம். கிறிஸ்துமசுக்கு மறுநாள் தொடங்கும், சிக்கிமுக்கிக் கல்லால் சுடும் பழைய ரகத் துப்பாக்கிக்கான சீசனுக்கு அனுமதிச் சீட்டு வாங்கிவிட்டேன், என் பெயரில். எத்தனை வருடம் நான் கீழிருந்து மானைக் கலைத்து ஏற்றிவிட, நீ மேலே உட்கார்ந்திருந்தாய். இந்த வருடம் நான் உட்காரப்போகிறேன். கல்யாணமான முதல் குளிர்காலத்தில் பெட்டியில் வந்த உதிரிகளை வைத்து நாம் இருவரும் செய்த துப்பாக்கிதானே. இரும்பை அராவியது நீ. கட்டையைத் தேய்த்தது நான். பாதி என்னுடையது.

நெட்ரா


ஒடெஸ்ஸா
அக்டோபர் 26

நெட்ரா,

நடுவில் நிற்பது பெரிய விஷயம் இல்லை. கோடை ஈரத்தில் மருந்து இறுகிப்போயிருக்கும்.

மணல் பள்ளத்துக்குக் கொண்டுபோ. பெர்னிஸைக் கூட்டிக்கொள். சிக்கிமுக்கிக் கல்லின் முனை மழுங்கியிருந்தால் பித்தளைக் குச்சியால் தட்டிக் கூர் ஏற்று. கல்லைக் கவ்வியிருக்கும் இரும்புக் குதிரையின் வாயில் அது அசையக் கூடாது. தோல் துண்டோடு இறுக்கு. தட்டிலிருந்து நெருப்பு குழலுக்குள் போகும் பக்கத்துத் துளையை ஊசியால் குத்திச் சுத்தம் செய். தட்டில் பொடி போடு. மணல் கரையைப் பார்த்துச் சுடு. வெடிக்காவிட்டால் உடனே இறக்காதே. கரையையே பார்த்தபடி பிடித்துக்கொண்டு நில். சில சமயம் அது யோசித்துவிட்டு வெடிக்கும்.

அனுமதிச் சீட்டு வாங்கியது சரி. நீ உட்கார்ந்தால் மானை யார் கலைப்பது?

என்னோடு அறையில் இருப்பவன் எஃப்ராயின். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன். ஒரு குண்டு சுட்டபின் மறுபடி மருந்து, துணி, குண்டு என்று கெட்டிக்க வேண்டிய துப்பாக்கி பற்றிச் சொன்னேன். சிரித்தான்.

"ஏய் பென்சில்வேனியா, அதுவரைக்கும் மான் என்ன செய்யும்? நாற்காலி போட்டு உக்காந்திருக்குமா?"

"சில சமயம் நிக்கும்."

"உங்க ஊரு மானுக்கு வேற வேலை இல்ல. அதான் நீயும் இங்க வந்துட்ட."

உனக்கு ஒன்று சொன்னதில்லை. நீ கீழிருந்து ஏறி வரும்போது உன் ஆரஞ்சுத் தொப்பிதான் முதலில் தெரியும். ஹெம்லாக் மரங்களுக்கிடையே தெரியும், மறையும், மறுபடி தெரியும். மான் உனக்கு முன்னால் வந்திருக்கும். நான் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பல வருடம் நமக்குக் கறி கிடைக்காததற்கு அதுதான் காரணம். காற்றைக் குறை சொல்வேன்.

வெண்டல்


ஹாவ்க் பள்ளம்
நவம்பர் 3

வெண்டல்,

மருந்து இறுகியிருக்கும் என்று எழுதினாயே. அப்படித்தான் நினைத்தாயா?

ஞாயிற்றுக்கிழமை போனோம். பெர்னிஸ் தன் வண்டியின் பின்பலகையில் காப்பியோடு உட்கார்ந்துகொண்டாள். நீ எழுதிய எல்லாவற்றையும் செய்தேன். விசையை இழுத்தேன். தட்டில் பொடி பற்றியது. குழல் சும்மா இருந்தது.

"தும்மிருச்சு," என்றாள். "நூறாயுசு!"

கரையைப் பார்த்தபடி கை வலிக்கும் வரை நின்றேன். அது யோசித்துவிட்டு வெடிக்கவில்லை. துளையைக் குத்தினேன். மறுபடி பொடி. மறுபடி தும்மல். பெர்னிஸ் எழுந்து வந்து என்னிடமிருந்து ஊசியை வாங்கினாள். பக்கத்துத் துளை வழியாக மருந்துப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினாள். "இப்ப இழு."

பொக் என்றது. அவ்வளவுதான். குண்டு பத்தடி தள்ளி மணலில் விழுந்து உருண்டது. குண்டைச் சுற்றிய எண்ணெய்த் துணி அதன் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கோலை விட்டேன். மேல் கோடு வரை வழுக்கிக்கொண்டு போயிற்று.

பெர்னிஸுக்குப் புரிந்துவிட்டது. "அடியே, உள்ள மருந்தே இல்லடி! குண்ட மட்டும் எறக்கியிருக்கான்! பன்னெண்டு வயசுல முதல் சீசன்லகூட அவன் இதைச் செய்யல." சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டிக்கொண்டாள். "இதுக்கா நான் ரெண்டு வாரமா அடுப்புப் பக்கம் உக்காந்து வெந்தேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டேன். ஜனவரியில், சீசனின் அந்தக் கடைசி நாள் நண்பகலில் மலையில் ஒரு வெடி கேட்டது. நம் துப்பாக்கியின் சத்தம் எனக்குத் தெரியும். முதலில் ஒரு சீறல், பிறகுதான் வெடி. சாயங்காலம் நீ வந்ததும் கேட்டேன்.

"சுட்டியா?"

"இல்ல. வேற யாரோ."

சுட்டிருக்கிறாய். தவறவிட்டிருக்கிறாய். பிறகு மறுபடி கெட்டித்திருக்கிறாய், மருந்தை விட்டுவிட்டு. நீ மழையில், இருட்டில், கை விறைத்தபோதெல்லாம் கெட்டித்ததைப் பார்த்திருக்கிறேன். மருந்து, துணி, குண்டு. உன் கைக்கு வேறு வரிசை தெரியாது.

பொய் சொன்னதற்காகக் கேட்கவில்லை. உன் கை எந்த இடத்தில் மறந்தது என்று தெரிய வேண்டும்.

நெட்ரா


ஒடெஸ்ஸா
நவம்பர் 13

நெட்ரா,

கோல் நடுவில் நிற்கிறது என்று நீ எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. மணல் பள்ளத்தில் வேறு ஏதாவது நடக்கும் என்று நம்பினேன்.

சுட்டேன். தவறிவிட்டது. புகை கலைந்ததும் கீழே பள்ளத்தில் நம் வீட்டுப் புகைபோக்கி தெரிந்தது. நீ ஈர விறகு வைத்திருந்தாய். புகை மேலே போகாமல் கூரையோடு படுத்துக்கிடந்தது. அடுப்பின் முன் மண்டியிட்டு ஊதிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். என்னைத் திட்டிக்கொண்டே. நாளைக்கு இந்தப் புகை இருக்கும், நான் இருக்க மாட்டேன். மருந்து நிரப்பிய கொம்பு கையில் இருந்தது. மூடியைத் திறந்தேன். மூடினேன். நடுவில் ஒன்றை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

பிறகு ஒரு கடா மான் வந்தது. பெரியது. பக்கவாட்டில் நின்றது. நான் துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. ஏன் என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

இதற்கு மேல் எழுத வரவில்லை. துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன்.

கழுவாமல் விட்ட குழல். கரி இரும்பைத் தின்னும். குண்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் துரு இருக்கும். கொதிக்கும் நீரும் சோப்பும். துணி வெள்ளையாக வரும்வரை. பிறகு குழல் சூடாக இருக்கும்போதே உலர்த்தி எண்ணெய் விடு. அதன் பிறகு ஐம்பது கஜத்தில் காகிதம் வைத்துச் சுட்டுப் பார். ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் ஒரு தடவை துடை. துடைக்காவிட்டால் கரி ஏறி அடுத்த குண்டு வேறெங்காவது போகும். நீ உன் கண்ணைச் சந்தேகப்படுவாய்.

குண்டு எங்கே போனாலும் குழல் நுனியில் இருக்கும் பித்தளை முன்குறியைத் தொடாதே. அது என் கண்ணுக்கு, என் கன்னம் கட்டையில் படும் இடத்துக்கு, அராவி வைத்தது. கிறிஸ்துமசுக்கு வருகிறேன். சொல்லிவிட்டேன், விடுப்பு தருகிறோம் என்றார்கள். நான் சுடுகிறேன், நீ கலைத்துவிடு. இல்லை, நீ உட்கார், நான் கலைக்கிறேன். எப்படியும்.

வெண்டல்


ஹாவ்க் பள்ளம்
நவம்பர் 25

வெண்டல்,

நேற்று நன்றி நாள் விருந்து. பெர்னிஸ் வான்கோழியைக் கருக்கிவிட்டாள். நான்காவது தட்டு எடுத்து வைத்தது நான். அவளும் அவள் வீட்டுக்காரரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

குழலைக் கழுவினேன். சூப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, குழலின் அடியை அதில் நிறுத்தி, கோலில் துணி சுற்றி மேலும் கீழும். முதல் தண்ணீர் கறுப்பு. அழுகிய முட்டை நாற்றம். வேறு யாராவது வந்திருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். நான் சன்னலைக்கூடத் திறக்கவில்லை. குளிர்கால மாலைகளில் இந்தச் சமையலறை எப்போதும் இப்படித்தான் நாறும். நீ இந்த நாற்றத்தோடுதான் படுக்கைக்கு வருவாய், நான் முதுகைத் திருப்பிக்கொள்வேன்.

நான் இன்னும் சுவர்ப் பக்கமே படுக்கிறேன். நடுவில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

அடியில் ஒரு வளையம் துரு. நெடுநேரம் தேய்த்தேன். போய்விட்டது, ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. சுடும், பயமில்லை.

ஐம்பது கஜத்தில் காகிதத் தட்டு வைத்துச் சுட்டேன். ஒவ்வொன்றுக்கும் நடுவே துடைத்தேன். மூன்று குண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விழுந்தன. ஒரு காப்பிக் கோப்பையால் மூடிவிடலாம். ஆனால் எல்லாம் இடப்பக்கம், ஒரு சாண் தள்ளி.

"கை நல்லாத்தான் இருக்கு," என்றாள் பெர்னிஸ். "குறிதான் அவனோடது. பித்தளைய ஒரு தட்டுத் தட்டு, முடிஞ்சுது."

"வேண்டாம். அவன் வரான்."

"யாரு?"

"அவன்தான்."

"மருந்து போடாம குண்டு எறக்குனவனா?"

குறியைத் தொடவில்லை. வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறி வைத்தால் நடுவில் படுகிறது. அப்படியே பழகிக்கொண்டிருக்கிறேன். வேண்டிய இடத்தைப் பார்க்காமல் பக்கத்தில் பார்ப்பது. எனக்கு அது ஒன்றும் புதிது இல்லை.

ஊர் ஊராக நான் ஓட்டும் நூலக வண்டியை டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதிக்குப் பிறகு எடுக்க வேண்டாம் என்றுவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவேன். உன் வண்டியை நம்பி இந்தப் பனியில் வராதே. அது மூன்றாவது கியருக்குப் போகும்போது இருமுவது நின்றதா?

ஈர விறகு வைத்திருக்கவில்லை. அன்று நான் அடுப்பைத் தணித்து வைத்து, அதன் மேல் உன் சட்டைகளை உலர்த்திக்கொண்டிருந்தேன். நீ எடுத்துப் போகும்போது ஈரமாக இருக்கக் கூடாது என்று.

நெட்ரா


ஒடெஸ்ஸா
டிசம்பர் 9

நெட்ரா,

வர முடியாது.

எங்கள் குழுவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மேற்பார்வையாளர் இன்று எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார்: "கிறிஸ்துமசுக்கு வீட்டுக்குப் போறவன் போகலாம். திரும்பி வர வேண்டாம்." எஃப்ராயின் என்னைப் பார்த்தான். நான் பூட்சைப் பார்த்தேன்.

சட்டைகளைப் பற்றி நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அவை உலர்ந்திருந்தன. பெட்டியைத் திறந்தபோது இன்னும் சூடாகக்கூட இருந்தன என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்படி இருந்திருக்காது.

இங்கே ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஊருக்கு வெளியே. மேற்கே ஒரு சன்னல், கிழக்கே ஒரு சன்னல். மரம் இல்லை. இதைச் சொல்லலாமா என்று பத்து நாளாக யோசித்தேன். நீ வந்தால் எடுக்கலாம். கட்டாயம் இல்லை. அன்று சொன்ன மாதிரி சொல்லவில்லை. கேட்கிறேன்.

முன்குறியைத் தள்ளு. பக்கத்தில் பார்த்துச் சுடுவது காகிதத்துக்குச் சரி, மானுக்குச் சரியில்லை. அது நகரும், நீ மறந்துவிடுவாய், காயத்தோடு ஓடவிடுவாய். பித்தளைக் குச்சியை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டு. எந்தப் பக்கம் என்பதில் எல்லோரும் தவறு செய்வார்கள். குண்டு இடப்பக்கம் போகிறது, ஆகவே முன்குறியை இடப்பக்கமே தள்ள வேண்டும். முன்குறி தவறைத் துரத்திக்கொண்டு போகும். வலப்பக்கம் தள்ளினால் தவறு இரட்டிப்பாகும்.

வெண்டல்


ஹாவ்க் பள்ளம்
டிசம்பர் 16

வெண்டல்,

தள்ளிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கோபத்தில் சரியாகப் படிக்காமல் முதலில் வலப்பக்கம் தள்ளினேன். குண்டு காகிதத் தட்டிலேயே படவில்லை. பெர்னிஸ் கேட்டாள், "யாரைச் சுடறே? அடுத்த ஜில்லாக்காரனையா?" பிறகு கடிதத்தை மறுபடி எடுத்தேன். இடப்பக்கம் தட்டினேன். தவறைத் துரத்திக்கொண்டு போயிற்று. இப்போது பார்க்கிற இடத்தில் படுகிறது.

தட்டுவதற்கு முன்னால் உன் குறி நின்ற இடத்தில், குழல் மேல், கத்தி முனையால் ஒரு மெல்லிய கோடு கீறினேன். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். இரண்டு தட்டுத் தட்டினால் குறி மறுபடி அங்கே போய்விடும்.

பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டாம் என்று பெர்னிஸிடம் சொன்னேன். "சரி," என்றாள். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீடு: அந்தச் சன்னல்களில் என்ன தெரியும்?

வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

நெட்ரா


ஹாவ்க் பள்ளம்
டிசம்பர் 27

வெண்டல்,

நேற்று ஏறினேன். முந்தின நாள் முழுக்கப் பனி. விழுந்த ஹெம்லாக் மரத்தில், நீ உட்காரும் பள்ளத்தில் உட்கார்ந்தேன். மரம் உன் இடுப்புக்குத் தேய்ந்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பெரிது.

அங்கிருந்து நம் புகைபோக்கி தெரிகிறது. நீ எழுதியது சரி. அடுப்பு அணையாமல் இருக்கப் பெரிய கட்டையாக வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆளில்லாத வீட்டின் புகையும் ஆள் இருக்கிற வீட்டின் புகை மாதிரியே இருந்தது.

கலைத்துவிட ஆளில்லை, மான் வராது என்று நினைத்தேன். வந்தது. பெட்டை. சுட்டேன். தட்டில் பளிச்சென்று எரிந்ததும் கண்ணை மூடிவிட்டேன் போல. குண்டு பனியை உழுதுகொண்டு போனது. ரத்தம் இருக்கிறதா என்று இறங்கிப் போய்த் தேடினேன். இல்லை. குளம்படி நேராக, நிதானமாகப் போயிருந்தது. திரும்பி வந்து துடைத்து, கெட்டிக்க ஆரம்பித்தேன்.

மருந்துக் கொம்பைத் திறந்தேன். கீழே சாலையில் ஒரு வண்டி மூன்றாவது கியருக்கு மாறி இருமியது.

நீ வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். தெரிந்தும் நின்றேன். வண்டி பாலத்தைக் கடந்தது. மெதுவானது. நம் வீட்டுத் திருப்பத்தில் நின்றது. எஞ்சின் அணையவில்லை. மேற்பார்வையாளரிடம் போய் ஏதோ சொல்லியிருப்பாய், விடிய விடிய ஓட்டியிருப்பாய், இப்போது வாசலில் இறங்கி அண்ணாந்து பார்ப்பாய், ஆணி காலியாக இருக்கும், நான் எங்கே என்று தெரிந்துகொள்வாய். இவ்வளவும் நினைத்து முடித்தேன். என் கைகள் தம் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தன.

அப்போது கடா வந்தது. முப்பது கஜம்கூட இல்லை. பக்கவாட்டில் நின்றது. குதிரையை இழுத்தேன். என் குறி, என் கண், எல்லாம் ஒரே நேர்கோட்டில். இந்த முறை கண்ணை மூடவில்லை. விசையை அழுத்தினேன்.

தும்மியது.

கடா என்னைப் பார்த்தது. நான் குழலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன், அது யோசித்து வெடிக்கட்டும் என்று. கடாவும் காத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. எஃப்ராயினிடம் சொல், எங்கள் ஊர் மான் நிற்கும். பிறகு அது நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

நெடுநேரம் கழித்துக் கோலை விட்டேன்.

எங்கே நின்றது என்று உனக்கு எழுத வேண்டுமா?

இறங்கி ஓடினேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். வாசலில் பனி தள்ளும் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர் கண்ணாடியை இறக்கினார்.

"ஒரு வெடிச் சத்தம் கேட்டுச்சே, நீயா? கெடச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் ஏம்மா இந்த ஓட்டம் ஓடியாறே?"

"சும்மாதான்."

"சும்மாவா," என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மூன்றாவது கியரில் அதுவும் இருமுகிறது. எல்லா வண்டியும் இருமும் போலிருக்கிறது.

பெர்னிஸிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஒரே வீட்டுல ரெண்டு பேருமாடி?" பிறகு ஊசியையும் பொடியையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள், அன்று மாதிரி குண்டை எடுத்துவிடுகிறேன் என்று. வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உட்கார்ந்தாள். ஆனால் இந்த முறை வாசலுக்குக் கீழேயே உட்கார்ந்தாள்.

தட்டைத் துடைத்தேன். குழலில் குண்டு வரைக்கும் துணி விட்டு எண்ணெய் தடவினேன். குண்டுக்குப் பின்னால் முதல் வெடியின் கரி அப்படியே இருக்கிறது. அங்கே என் கை எட்டாது. கரி இரும்பைத் தின்னும் என்று எழுதியது நீ. போன முறை பிழைத்தது. இந்த முறை அந்த நிழல் இருந்த இடத்திலேயே தின்னத் தொடங்கும். அதிக நாள் தாங்காது.

ஆணியில் மாட்டிவிட்டேன். கோல் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கிறது. வந்து எடு.

நெட்ரா

கடிதத்தை மடித்தபின் மறுபடி பிரித்தேன். உன்னால் வர முடியாது என்றால் எழுது. ஆணியிலிருந்து இறக்கி, போர்வையில் சுற்றி, நானே கொண்டுவருகிறேன். கரி காத்திருக்காது. அந்த வீட்டை எடு. மேற்குச் சன்னலோ கிழக்குச் சன்னலோ, எதில் என்ன தெரிகிறது என்று வந்து பார்த்துக்கொள்கிறேன். நான் வருவதற்குள் ஒரு ஆணி மட்டும் அடித்து வை. சமையலறை வாசலுக்கு மேலே.